பன்னிரண்டு வாட் போதும் என்றாய்

அன்பு மகள் யாழினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை சுபஸ்ரீயும் சுகம். ராட்டர்டாமில் நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், அதில் பாதியைத்தான் நம்புகிறேன், மீதியை வீடியோவில் உன் முகம் சொல்லிவிடுகிறது. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருக்கிறது, ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கு. இந்தக் கடிதம் நீ செய்யச் சொன்ன கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே வருகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அப்போதே சொன்னேனே அம்மா என்று குறுக்கே விழுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை, அதனால் பொறுமையாகக் கடைசிவரை படி. பெட்டியைத் திறந்ததும் பச்சைக் குழந்தைக்குப் போடுகிற சட்டைகள் நிறைய இருக்கும். நான் ஜாடை எதுவும் பேசவில்லை. அப்பாவுடைய பனியன் யூனிட்டில் மிஞ்சிய எக்ஸ்போர்ட் சரக்கு அது, ஆம்ப்பின் கண்ணாடி வால்வுகள் உடையாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் இரண்டு சட்டை சுற்றியிருக்கிறேன்.

போன அக்டோபரில் மேடையில் மூன்றாவது பாட்டில் உன் பழைய ஆம்ப் புகைந்து நின்றுபோனதும், அத்தனை பேர் முன்னால் நீ கிட்டாரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றதும் வீடியோவில் பார்த்த எனக்கு மறக்கவில்லை. அதற்கப்புறம் நீ மேடை ஏறவே இல்லை. மார்ச் மாத நிகழ்ச்சியும் சரியாக வராவிட்டால் கிட்டாரை விற்றுவிடுவேன் என்று எழுதினாய் பார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி என் மகள் மேடையில் எதுவும் கெட்டுப்போகக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வேலையில் உட்கார்ந்தேன். ரிப்பேருக்கு வந்த நிட்டிங் மிஷின் போர்டுகளை எல்லாம் தள்ளி வைத்து, சர்வீஸ் மேசையில் உனக்கென்று பாதி இடத்தை ஒதுக்கினேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நீ வரைந்து அனுப்பிய சர்க்யூட் படத்தில் என்ன இருந்தது? இரண்டு சின்ன பவர் வால்வு, பன்னிரண்டு வாட், கரண்ட்டை டிசி ஆக்குவதற்கும் ஒரு வால்வு, ஃபீட்பேக் கூடாது, முன்னால் சத்தத்துக்கு ஒரு திருகு, டோனுக்கு ஒரு திருகு. இந்தப் பிள்ளை சிக்கனம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு வாட் நம் செக்கிங் செக்ஷன் ஃபேன் சத்தத்துக்கே காணாது என்று நாற்பது வாட்டுக்குப் பெரிய வால்வாகப் போட்டேன். துணி சுருங்கும் என்று எல்லா அளவிலும் கொஞ்சம் கூட்டியே வெட்டுகிற ஊரில் பிறந்தவளுக்கு எதையும் அளவாக வைக்க வராது. டிசி ஆக்குகிற வால்வு சூடாகும், தேயும் என்று அதை எடுத்துவிட்டு டயோடு போட்டேன். வெளியே வருகிற சத்தத்தில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டுப் பிசிறைத் தானே சரிசெய்துகொள்ளட்டும் என்று ஃபீட்பேக்கும் தாராளமாகக் கொடுத்தேன். டோன் திருகு ஒன்று மூன்றானது. எல்லாம் முடிந்து பீரோ பட்டறையில் வளைத்து வாங்கிய இரும்புச் சட்டத்தில் பூட்டியபோது அதை மேசையிலிருந்து இறக்க நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. நீ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருக்கிறாய் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீட்டரில் பார்த்தால் அவ்வளவு சுத்தம். பிரின்டிங் யூனிட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிற சதீஷ்குமாரை வரச்சொன்னேன். பாவம், அவன் வெகுநேரம் வாசித்தான், மூன்று திருகையும் மாற்றி மாற்றித் திருகினான், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ரொம்பச் சங்கடப்பட்டுக்கொண்டு, "சத்தம் சுத்தமா இருக்குதுங்க்கா. ஆனா மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடிச்சாலும் ஒரே மாதிரி பேசுதுங்க. வாசிக்கிறது நாந்தானான்னே தெரியலீங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளாமல் அவனுக்கு டீ போடப் போய்விட்டேன், சர்க்கரையும் போட மறந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னால் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். அவர் உன் படத்தை வாங்கி என் ஆம்ப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "ஏம்மிணி, பையர் அப்ரூவ் பண்ணுன சாம்பிளை நீயா மாத்திப்போட்டு, அதைவிட நல்லா இருக்குதுன்னு அனுப்புனா அவன் சரக்கை எடுப்பானா?" என்று கேட்டார். ஒரு பட்டன் நிறம் மாறினாலும் மெயில் போட்டுக் கேட்காமல் தைக்க மாட்டார்கள் நம் யூனிட்டில், அந்த வீட்டில் இருந்துகொண்டு நான் உன் சாம்பிளில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன்.

இந்தத் தடவை உன் படத்தில் இருந்ததை அப்படியே புதிதாக இன்னொன்றாகச் செய்தேன். அந்த டிசி வால்வை ஏன் கேட்டாய் என்பது காதால் கேட்ட பிறகுதான் விளங்கியது. ஓங்கி அடித்தால் வோல்ட்டேஜ் கொஞ்சம் தொய்ந்து பிறகு ஏறுகிறது, குழந்தைக்குத் தலைவழியாகச் சட்டை மாட்டும்போது கழுத்து ரிப் விரிந்து கொடுத்துவிட்டுத் திரும்பச் சேர்ந்துகொள்ளுமே, அந்த மாதிரி. ஃபீட்பேக் இல்லாததால் பிசிறும் வருகிறது, விரல் மெதுவாக இருந்தால் அடங்கியும் இருக்கிறது. சதீஷ்குமார் மறுபடி வந்து வாசித்தான், நடுவில் ஓர் இடத்தில் தவறவிட்டான், அது அப்படியே கேட்டது, அவனே சிரித்துவிட்டான். கட்டிங் டேபிளில் இருந்த அப்பா போனை அப்படியே காதில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார், எதிர்முனையில் நூல்காரர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு கார்ட்டன் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தோம், ஒன்பதரை கிலோ, நீ ஒரு கையில் தூக்கலாம். முன்பக்கத்து மெஷ் துணி சுபஸ்ரீ தேர்ந்தெடுத்தது, ஸ்போர்ட்ஸ் பனியன் துணி, அந்த ஆரஞ்சுக்கு நான் பொறுப்பில்லை. பெரிய ஆம்ப்பை சதீஷ்குமார் குழுவில் பேஸ் கிட்டாருக்கு எடுத்துக்கொண்டார்கள், அதற்கு அந்தச் சுத்தம்தான் வேண்டுமாம், சேவூர்த் திருவிழாவில் நன்றாக முழங்கியதாகச் சொன்னான்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்தப் பயத்தை எல்லாம் ஃப்யூஸ் பக்கம் வைத்துவிட்டேன், சத்தம் போகிற வழியில் வைக்கவில்லை. ஃப்யூஸை மூடி திறக்காமல் வெளியிலிருந்தே மாற்றலாம், பின்பக்கம் ஒட்டிய பையில் நாலு ஃப்யூஸும் ஒரு செட் வால்வும் இருக்கின்றன. இன்னொன்று. உன் படத்தில் ஒரே ஓர் இடத்தில், முதல் வால்வுக்கும் அடுத்த வால்வுக்கும் நடுவில் வருகிற கெப்பாசிட்டருக்குக் கேள்விக்குறி போட்டு, அம்மா முடிவு செய்யட்டும் என்று எழுதியிருந்தாய். நீ முடிவு செய்ததை எல்லாம் மாற்றினவள், என்னிடம் விட்ட அந்த ஒன்றை மட்டும் முடிவு செய்யவில்லை. இரண்டு கெப்பாசிட்டர் கவரில் இருக்கின்றன, ஒன்றில் அடிச்சத்தம் கனமாக வரும், இன்னொன்றில் தெளிவாக வரும். சோதித்துப் பார்க்க வைத்ததை நானே எடுத்துவிட்டேன், அந்த இடம் இப்போது காலி. பள்ளி லீவில் என் மேசையில் சால்டர் வைத்துப் பழகியவள்தானே, நீ வைக்கும்வரை இது பேசாது. விற்பதென்றால் விற்றுக்கொள் கண்ணு, அது உன் கிட்டார். ஆனால் வாசித்துவிட்டு விற்க வேண்டும், நின்றுபோன அன்றைக்கு விற்றதாக இருக்கக் கூடாது. தப்பாக வாசித்தாலும் இதில் கேட்கும். கேட்கட்டும், அது நீ என்று தெரியட்டும்.

பையரைப் பார்க்க அங்கே வரும்போது சாம்பிள் பையோடு இதையும் தூக்கி வருகிற உன் பெரியப்பா திருமூர்த்திக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, அவர் கேட்டாலும் டீயில் சர்க்கரை போடாதே. நிலக்கடலை அவர் பையில் இருக்கிறது, பாதியை அவரே தின்றிருப்பார். ஸ்பீக்கரை மாட்டாமல் ஆம்ப்பை ஆன் செய்யாதே. மூடியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் வைத்துப் பூஜ்யம் காட்டிய பிறகே உள்ளே போ, அப்போதும் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கைக்குப் போகாமல் இருக்க ஒரு கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், சின்ன வயதில் என் மேசையருகே நிற்பாயே, அப்படி. மேடையில் மட்டும் இரண்டு கையாலும் வாசி. எல்லாம் நல்லபடியாக நடக்கும், நூறு வருஷம் நன்றாக இரு.

உன் அம்மா,
சித்ரகலா