பதிலாக வந்த டீசல் கார்

அன்புள்ள அண்ணா,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பகலில் பாப்பா விடுவதில்லை. இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பக்கத்துத் தறிப்பட்டறையில் இரவு ஷிப்ட் ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அவள் மூச்சு எனக்குத் தனியாகக் கேட்கிறது. இழுக்கும்போது சரியாக இருக்கிறது, விடும்போதுதான் மெல்லிய விசில் மாதிரி ஏதோ வருகிறது. எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மேசையில் இரண்டு வெள்ளைத் துணிகள் கிடக்கின்றன. இரண்டும் பாப்பாவின் பழைய துணிகள். உன் காரின் புகைக்குழாய் வாயில் பிடித்துப் பார்த்தவை. ஒன்றில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம், இன்னொன்றில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். சோப்புப் போட்டுத் துவைத்தும் போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். டீசல் வாசனை அப்படியே இருக்கிறது. நீ பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

நாளைக் காலையில் ராசிபுரத்திலிருந்து ஒருவர் வருகிறார். நான் சரி என்று சொன்னால் உன் வண்டியை விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார். பாப்பாவின் அப்பாவே முடிவு செய்திருந்தால் அவர்மேல் கோபித்துக்கொண்டாவது தூங்கியிருப்பேன். அவர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

அந்த வண்டியை நீ கொண்டுவந்து நிறுத்திய நாள் நினைவிருக்கிறதா? அப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசடர், விலை ஏறியதிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கோழி அடையும் இடமாகிக் கிடந்தது. எங்கோ விபத்தில் நொறுங்கிய சின்ன வேன் ஒன்றின் டீசல் எஞ்சினை நீ வாங்கி வந்து அதற்குள் வைத்தாய். எஞ்சின் பிடித்ததும் சேந்தமங்கலம் வரைக்கும் கேட்டிருக்கும். கொட்டகையில் மாடுகள் கயிற்றை இழுத்தன. அப்பா தலையிலிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கார் கேட்டால் கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதமே அதில் குச்சிக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிக்குப் போனவரும் அவர்தான்.

நான் அப்போது சேலத்தில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். இயற்பியல் படிக்கிற திமிரில் உனக்கு விளக்கம் சொன்னேன். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது, காற்றை நெருக்கி நெருக்கிச் சூடேற்றினால் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும் என்றேன். நீ முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நெருக்குனாத்தான் பத்திக்கும்ங்கற. நம்ம அம்மா மாதிரி" என்றாய். சமையல்கட்டிலிருந்து அம்மா கேட்டுவிட்டாள். அன்றைக்கு உனக்கு இரண்டாவது தோசை வரவில்லை.

விடுதியிலிருந்து நான் எழுதிய கடிதம் எதற்காவது நீ பதில் போட்டதுண்டா? சோறு வாயில் வைக்க முடியவில்லை, பரீட்சை பயமாக இருக்கிறது, வீட்டு ஞாபகமாகவே இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். தபால்காரர் வெறுங்கையோடு போவார். ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடியில் அந்தக் கடகடச் சத்தம் கேட்கும். நிலக்கடலைப் பை ஒரு கையில், முறுக்குத் தூக்கு ஒரு கையில் நீ வாசலில் நிற்பாய். ஏன் எழுதவில்லை என்று சண்டை போட்டால், "கடுதாசிக்குக் கடுதாசியா போடுவாங்க? அதான் நானே வந்துட்டனல்ல அம்மிணி" என்பாய். என் அறைத் தோழிகள் காருக்கே 'பதில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து, "ஏய், உனக்குப் பதில் வந்திருச்சுடி" என்று குரல் கொடுப்பார்கள்.

ஆடிப்பெருக்குக்கு அம்மாவையும் என்னையும் பவானிக்குக் கூட்டிப்போனாயே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சங்ககிரியில் டீ குடிக்க நிறுத்தியபோது, உன்னோடு படித்த லாரிக்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கிண்டல் செய்தார். ஒரு லிட்டரில் இது காவேரியைத் தாண்டாது என்றார். உனக்கு அது போதுமாயிருந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றினாய், ஒரு லிட்டர் டீசல் ஊற்றிய கேனை எஞ்சின் பக்கத்தில் கட்டினாய், அதில் குழாயைச் செருகினாய், புறப்பட்டுவிட்டாய். அவர் லாரியில் பின்னாலேயே வந்தார். மாட்டு வண்டி வந்தால் முன்கூட்டியே காலை எடுத்துவிடுவாய், இறக்கம் வந்தால் முகம் மலரும். குமாரபாளையத்துக்குள் நுழைந்தபோதே நாம் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம். பாலத்தின் நட்ட நடுவில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் மறுபடி ஊற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். டீசல் வற்றினால் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும், அதை வெளியேற்றாமல் எஞ்சின் பிடிக்காது. உனக்கு அது தெரியாததல்ல. ஜெயிக்கிற ஆசையில் மறந்துபோனாய். ஆடி பதினெட்டுக் கூட்டம் முழுக்க நமக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. லாரிக்காரர் இறங்கி வந்து பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டார்.

"என்ன மாப்ளே, தாண்டிட்டியா?"

"பாதி தாண்டிட்டன்."

"பாதி ஆத்துல எறக்கி உட்டா ஊடு போய்ச் சேந்துருவியா?"

அம்மா மட்டும் கவலையே படவில்லை. நல்ல இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறான் என்று இறங்கி, அங்கிருந்தே காவேரியைப் பார்த்துக் கும்பிட்டாள். கடைசியில் கிண்டல் செய்த அந்த மனிதர்தான் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து டேங்குக் குழாயை மறுபடி மாட்டி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியே எடுத்தார். பவானி போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு பேரும் நீதான் தோற்றாய், நீதான் தோற்றாய் என்று சொல்லிக்கொண்டீர்கள். இந்தக் குமாரபாளையத்துக்கே வாழ்க்கைப்பட்டு வருவேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பாதியில் உன்னிடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன்.

அந்தக் கேன் வேலையெல்லாம் பந்தயத்துக்கு. உன் அன்றாடப் பரிசோதனை வெள்ளைத் துண்டுதான். வண்டியை ஓடவிட்டு, தோளில் கிடக்கும் துண்டின் நுனியைப் புகைக்குழாயில் பிடிப்பாய். எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தோளிலேயே போட்டுக்கொள்வாய். கரி படிந்தால், எரியாத டீசலை வண்டி வெளியே துப்புகிறது என்று அர்த்தம் என்பாய். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பாய். அப்போது யார் கூப்பிட்டாலும் உனக்குக் கேட்காது. காலையில் சூடாகும்வரை வண்டியை நகர்த்த மாட்டாய். நிறுத்தும்போதும் சற்று நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைப்பாய். கல்லூரிக்குத் திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான் பதறினால் நீ சொல்வது ஒன்றுதான்.

"பயந்துக்கிட்டு மிதிச்சா பாதி டீசல் பயத்துக்கே போயிரும் அம்மிணி."

அந்த வார்த்தை எனக்கு நெம்பப் பிடித்திருந்தது, அண்ணா. இப்போது அதோடு எனக்குச் சண்டை.

உனக்கு நெஞ்சு வலித்த காலையில், அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நீயே நாமக்கல்லுக்கு ஓட்டிப்போனாய். அப்பா அதை என்னிடம் ஒரு முறைதான் சொன்னார். "எப்பவும் போறாப்பலயேதான் போனான் சாமி. ஒரு சைக்கிள்காரன் எங்களத் தாண்டிப் போனான்." ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமர நிழல் பார்த்து நிறுத்தினாயாம். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, அது ஆறிய பிறகு அணைத்தாயாம். பிறகுதான் உள்ளே நடந்தாய். அன்று பொழுது சாயும்வரைகூட நீ இருக்கவில்லை. வேகமாகப் போயிருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் அந்த ஒரு நாள் நீ பயந்திருக்கலாம். எஞ்சின் எக்கேடு கெட்டால் என்ன என்று மிதித்திருக்கலாம். அது இன்றைக்கும் ஓடுகிறது. நீதான் இல்லை.

அப்போது பாப்பா என் வயிற்றில். வளைகாப்புக்கு வந்த அப்பா வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் திரும்பிப்போனார். இது அங்கே நின்றால் உன்னையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்றார். தாய்மாமன் சீர் என்று பாப்பாவுக்கு வந்தது அது ஒன்றுதான்.

அவளுக்கு இளைப்பு இருப்பது போன மார்கழியில் தெரிந்தது. ஒரு விடிகாலையில் உதடு நீலம் பாரித்துப்போயிற்று. மடியில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஈரோடு போகும்வரை, ஏனுங்க வேகமா, ஏனுங்க வேகமா என்று பாப்பாவின் அப்பா தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்கவில்லை. ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடி முழுக்கக் கரும்புகை, ரோடே தெரியவில்லை. ஊசி போட்டு அவள் மூச்சு சீரானதும் டாக்டர், நல்லவேளை, நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார். பாதி டீசல் பயத்துக்குத்தான் போயிற்று, அண்ணா. போகட்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். தூசியும் புகையும் குழந்தைக்கு ஆகாதாம். தறிப் பஞ்சுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவைக்கிறேன். இந்த வண்டியை என்ன செய்வது?

பாப்பாவின் அப்பா கெட்ட மனிதரல்ல. உன் வண்டி என்பதால்தான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தார். இப்போது வந்திருக்கும் சின்ன பெட்ரோல் கார் ஒன்று வாங்கலாம், செலவு கூடினாலும் சாவி திருகியதும் கிளம்பும், புகையும் தெரியாது என்கிறார். நான் உன்னைப்போல் துணி பிடித்துப் பார்த்தேன். அந்தக் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. நீ போனபிறகு யாரும் எஞ்சினைக் கழற்றிப் பார்க்கவில்லை. டீசல் தெளிக்கும் நாசிலை எடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லிக் கெஞ்சினேன். செய்தார். நேற்று இன்னொரு துணி பிடித்தேன். அதுதான் இந்தச் சாம்பல் வட்டம். ஆசையாக அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்மியாயிருச்சு. இல்லைன்னு சொல்லல. ஆனா இருக்குதல்ல புள்ள?"

இருக்கிறது. உன் துண்டிலும் இருந்திருக்கும். நாம் இருவரும் அதைப் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான். உன் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளலாம். அதே காற்றைப் பாப்பாவுக்கு எப்படிக் கொடுப்பேன்?

அதனால் கொடுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். வருகிறவர் நிதானமானவராகத் தெரிந்தால் எல்லாவற்றையும் சொல்லி அனுப்புவேன். சூடாக்கித்தான் எடுக்க வேண்டும், ஆறவிட்டுத்தான் அணைக்க வேண்டும், டீசலை வற்றவிடக்கூடாது, மாதம் ஒரு முறையாவது துணி பிடித்துப் பார்க்க வேண்டும். கேட்டு நடந்தால் அவர் பிள்ளைகள் காலத்திலும் அது ஓடும்.

உன் ஸ்குரூ டிரைவரை மட்டும் கொடுக்க மாட்டேன். அதனால் எனக்கு ஒரு வேலையும் இல்லைதான். ஆனால் தினமும் படுக்கும்முன் பாப்பாவின் முதுகில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்கிறேன். அப்போது யார் கூப்பிட்டாலும் எனக்கும் கேட்பதில்லையாம், இவர் சிரிக்கிறார்.

இப்போது எழுந்து போய் ஒரு முறை கேட்டுவிட்டு வந்தேன். விசில் குறைந்திருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். கொடுத்துரு அம்மிணி என்று நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீ எழுதுகிற ஆள் இல்லை என்று தெரியும். என்றைக்கும் வாசலில் அந்தச் சத்தம்தான் வரும். நாளைக்கு அது வாசலிலிருந்து கிளம்பி, தெருக்கோடி தாண்டி, தேய்ந்துபோய்விடும். அதற்குப் பிறகு நீ பதில் சொல்ல எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. அதனால் இந்த ஒரு தடவை எழுதித்தான் ஆக வேண்டும்.

அவர் காலையிலேயே வந்துவிடுவார். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மிணி