நீலக் கோட்டுக்காரருக்குப் போன செய்தி

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அவரவர் சுகருக்கும் மூட்டுவலிக்கும் குறைவில்லாமல் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லித் தொலைக்கிறேன், சிரிக்காதே. சலவைக்கடைச் சங்க விழாவில் எனக்கு "நம்பிக்கைக்குரிய கடை" என்று கேடயம் கொடுத்தார்களே, அந்தப் படத்தில் நான் போட்டிருக்கும் நீலக் கோட்டு என்னுடையது இல்லை. யாரோ வெளுக்கப் போட்டுவிட்டு வாங்க வராமல் போனது. ஒரு மாலைக்குத்தான் என்று எடுத்தேன், அப்புறம் உன் கல்யாண வரவேற்பு, பல் டாக்டர் மகன் வரவேற்பு என்று அது என் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

நீ போகும்போது கடைக் கம்ப்யூட்டரில் ஒரு ஏஐ ஏஜென்ட்டைக் குடிவைத்துவிட்டுப் போனாயே, அது செய்த காரியத்தைக் கேள். துணி தயாரானதும் ஆட்களுக்குத் தகவல் சொல்வது உன் மாமா வேலை. அந்த மகானுக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் தூக்கம், எழுந்தால் டீ. கேட்டால், "வேணும்னா அவங்களே வருவாங்க மச்சான், துணி என்ன எழுந்து ஓடிடவா போகுது?" என்பான். அப்படியே பின்னறை அலமாரி நிரம்பி, நாற்காலி நிரம்பி, கதவுக்குப் பின்னாலும் பிறத்தியார் துணி. அவனை அனுப்பலாம் என்றால் அம்மா என்னை அனுப்பிவிடுவாள். உன் ஏஜென்ட் என்னடாவென்றால் பழைய ரசீதையெல்லாம் ஒரே காலையில் படித்துவிட்டு, ஒருத்தர் விடாமல் "உங்கள் துணி தயார்" என்று செய்தி அனுப்பிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை? கிடையாது. மனுஷனாய்ப் பிறந்தவனுக்கு எதை மறக்க வேண்டும் என்று ஒரு விவஸ்தை இருக்கும். இதற்கு டீ வேண்டாம், லீவு வேண்டாம், வெட்கமும் வேண்டாம். சொன்ன வேலையைச் செய்கிறது என்று நீ பெருமையாக வேறு எழுதுகிறாய். சொன்ன வேலையைச் செய்தவனை இந்தக் குடும்பத்தில் யார் மதித்தோம்?

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு அம்மாள் பள்ளிக்கூட யூனிஃபார்மைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதைப் போய் இப்போ குடுக்கிறீங்களே, அவனுக்கு மீசையே முளைச்சாச்சு!" என்று என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டாள். அதுகூடப் போகட்டும். நீலக் கோட்டுக்காரர் சனிக்கிழமை வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டார். சங்கப் படமோ கல்லாவுக்கு நேர் மேலே பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது. நம்பிக்கைக்குரிய கடைக்காரன் அடுத்தவன் கோட்டில் நிற்கிறான் என்று தெரிந்தால் எவன் நம்மிடம் துணி போடுவான்? படத்தைக் கழற்று என்று உன் மாமாவிடம் சொன்னேன். "சரி மச்சான்" என்றான். அதோடு சரி.

அவர் வந்தார். கோட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார். நான் ரசீதுப் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்ட ஆரம்பித்தேன். உன் மாமா அந்த நேரம் பார்த்துக் கண் விழித்து, "எங்க மச்சானுக்கு நீலம்னா அப்படி எடுப்பா இருக்கும் சார்!" என்றான். மனிதர் தலையாட்டிவிட்டு, கோட்டை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். தன் கோட்டைத் தனக்கே அடையாளம் தெரியாத ஜென்மம்! இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் ஞாபகப்படுத்த ஒரு ஏஜென்ட் ஒரு கேடா? நான் முகத்தில் எதையும் காட்டாமல் நின்ற சாமர்த்தியத்தால் கடை மானம் தப்பியது. ஆகவே இதைப் படித்ததும் அந்தப் பிராணியைக் கழற்றி எறி. மறதியில் உன் மாமாவை மிஞ்ச ஆளில்லை, எனக்கு அவன் போதும்.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தைக் குனிந்து போனையே பார்க்காதே. இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நன்றாக இருங்கள். உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் வரவேற்புப் படத்தை மட்டும் மறக்காமல் உள்ளே எடுத்து வை.

இப்படிக்கு,
தற்சமயம் கோட்டில்லாத உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் மாமா கம்ப்யூட்டரில் ஒன்றைக் காட்டினான். நம் சேவை எப்படி இருந்தது என்று அந்த மனிதரிடம் உன் ஏஜென்ட் கேட்டிருக்கிறது. அவர் எழுதியிருக்கிறார்: "துணியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். என் கோட்டு படத்தில் இருப்பவருக்கும் பொருத்தமாகவே இருக்கிறது, தோள் மட்டும் கொஞ்சம் தொங்குகிறது."