ஐந்து போக மீதி முப்பத்தேழு

செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள என்னவருக்கு,

நானும் மகளும் அத்தையும் சுகம். அங்கே குளிர் கடுமை என்று எழுதியிருந்தீர்கள். காதை மூடாமல் வெளியே போகாதீர்கள். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நானே வாஷர் மாற்றினேன்.

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது அழுகை வந்தது. மறுநாள் பென்சிலோடு உட்கார்ந்து, மாணவர் கட்டுரையைத் திருத்துகிற மாதிரி ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டே படித்தேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் பதிலுக்குக் கத்துவேன், நடுவில் லைன் போய்விடும். யார் துண்டித்தது என்று அதற்கு ஒரு வாரம் சண்டை நடக்கும். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கறுப்புப் பளபளப்புக் கிண்ணங்களின் ஓடுகள் நாற்பத்திரண்டையும் தோண்டி எடுத்து என் மேசையில் வைத்தவர் நீங்கள். இவை கடல் கடந்து வந்தவை என்று இருபது வருடத்துக்கு முன்பே உங்கள் புத்தகத்தில் எழுதிவிட்டீர்கள். அதற்கு என் ஆய்வகத்து முத்திரை ஒன்று வேண்டும், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் வரும் என்று நம்பினேன். உங்களைப் பொய்யாக்க வேண்டும் என்று, மண்ணில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் அந்தக் கருவியின் முன்னால் நான் உட்காரவில்லை. ஐந்து ஓடுகள் வெளியிலிருந்து வந்தவை. மீதி முப்பத்தேழும் இந்த ஊர் மண்.

இப்போது அந்த ஐந்தை மட்டும் வெளியிடச் சொல்கிறீர்கள். பதினெட்டாம் தேதி உங்கள் இயக்குநர் பதவியை முடிவு செய்யும் குழு கூடுகிறது, மற்றதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். பொய் சொல்லச் சொல்லவில்லையே என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஐந்தைக் காட்டி முப்பத்தேழை மறைப்பதற்கு வேறென்ன பெயர்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள்கூடக் கொஞ்சம் சோறாவது கூடுதலாக வைத்திருப்பார்கள்.

உங்கள் சந்தேகங்களுக்கு வருகிறேன். துளையிடும் ஊசியின் உலோகம் மாதிரியில் கலந்திருக்கும் என்கிறீர்கள். கலக்கும். அதனால்தான் அந்த ஊசியில் இருக்கிற டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இத்தனை காலம் புதைந்து கிடந்ததில் உப்பு ஊறியிருக்கும் என்கிறீர்கள். மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்ளே இருந்துதான் பொடி எடுத்தேன். ஓடுகளைப் பூட்டி வைக்கும் காப்பறையின் எழுத்தரிடம் சொல்லி எண்களை மாற்றி ஒட்டச் செய்து, எது எந்த ஓடு என்று தெரியாமலேயே எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். வேறொரு ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். அவர்களுக்கு உங்களையும் தெரியாது, உங்கள் புத்தகத்தையும் தெரியாது. அதே ஐந்து, அதே முப்பத்தேழு.

ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர்க் களிமண் வேண்டுமே என்று ஆற்றோரத்துச் செங்கல் சூளைக்குப் போனேன். அங்கே மேஸ்திரி ஒரு பெண். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்க மண்ணுல என்ன குத்தம் கண்டுபிடிக்க வந்தீங்க?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "தெரியும். எம் பொண்ணு ஸ்கூல் புக்குல படிச்சுக் காட்டுச்சு. இந்த ஊர்க்காரங்க கைக்கு அந்த நேர்த்தி வராதுன்னு போட்டிருக்காம். எழுதுன மகராசன் ஒரு நாள் வந்து வெயில்ல செங்கல் அறுத்துப் பாக்கட்டும்" என்றாள்.

அந்த வரி உங்கள் புத்தகத்திலிருந்து போனதுதான். அந்த மகராசனின் பெண்டாட்டிதான் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளே பள்ளத்தில் இறங்கி, மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஆள் உயரத்துக்குக் கீழே இருந்து வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தாள். பாறை கரைந்துதான் களிமண் ஆகிறது, தாய்ப்பாறையின் சாயல் மண்ணை விட்டுப் போகாது, நெருப்பில் சுட்டாலும் போகாது என்று வகுப்பில் சொல்வது நீங்கள்தானே. அவள் கொடுத்த மண்ணைச் சுட்டு அளந்தேன். தோரியம், குரோமியம், எதை எடுத்தாலும் அந்த முப்பத்தேழோடு உடன்பிறந்தது போல ஒட்டி நிற்கிறது.

கப்பலில் களிமண்ணும் வந்திருக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். கப்பல்காரன் கிண்ணத்தை ஏற்றினான், சரி. ஒரு பள்ளத்தையே ஏற்றிக்கொண்டு வந்தானா?

வியாழக்கிழமை எங்கள் துறைத் தலைவர் என் அறைக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இது வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டிய விஷயம்மா" என்றார். நாற்பத்திரண்டு ஓடும் அலுவலகத்தில்தான் சார் இருக்கிறது, வீட்டில் ஒன்றுகூட இல்லை என்றேன். "அவருக்கு இந்தப் பதவி வரலேன்னா உங்க குடும்பத்துக்கும்தானே அடி?" என்றார். ஆமாம் என்றேன். அவர் வெளியே போன கையோடு, முழு அட்டவணையோடு கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பியாயிற்று. அனுமதி கேட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

நன்றி கெட்டவள் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. நான் பட்டத்துக்கு எழுதிய இரண்டு வருடமும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டது நீங்கள். பால் புட்டியைக் கழுவிக்கொண்டே என் அட்டவணைகளில் தப்புக் கண்டுபிடித்ததும் நீங்கள். ஒருமுறை ஒத்துவராத இரண்டு எண்களை நான் சத்தமில்லாமல் நீக்கிவிட்டபோது, "பிடிக்காததைத் தூக்கிப் போட விஞ்ஞானி எதுக்குடி? குப்பைத்தொட்டி போதாதா?" என்று கேட்டீர்கள். அதற்காக உங்களோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு அந்த எண்களைத் திரும்பச் சேர்த்தேன். நான் பட்ட நன்றிக்கடன் இதுதான் என்றால், அதைத்தான் இப்போது தீர்க்கிறேன்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று தயாராக இருந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சின்ன வயசுலயே அப்படித்தான். கணக்கு தப்பாயிடுச்சுன்னா நோட்டைக் கிழிப்பான், கணக்கைத் திருத்த மாட்டான். இத்தனை வருஷம் கழிச்சாவது திருத்தட்டும்" என்றார்கள். முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே, "சாப்புடுறானாமா?" என்று கேட்டார்கள். சாப்பிடுகிறீர்களா?

புத்தகம் எழுதியபோது உங்களுக்கு முப்பத்தொரு வயது. அன்று இந்தக் கருவி நம் ஊரில் இல்லை. அன்று கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினீர்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இன்று தெரிந்த பிறகும் அந்த வரி பள்ளிப் புத்தகத்தில் நின்றால்தான் அவமானம். அதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு எனக்கு வேண்டாம்.

ஆய்வுக்கட்டுரையில் உங்கள் பெயரை இரண்டாவதாகப் போட்டிருக்கிறேன். ஓடுகளைத் தோண்டி எடுத்த கை உங்களுடையது. ஒப்புதல் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அந்த ஐந்து ஓடும் எந்தக் கரையிலிருந்து வந்தன என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிக்க உங்களை விட்டால் ஆளும் இல்லை. உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதினால் எடுத்துவிடுவேன். ஓடுகளில் ஒன்றைக்கூட எடுக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தால் தாங்கிக்கொள்வேன். இருபத்திரண்டாம் தேதி விமானத்தில் நீங்கள் இல்லாமல் போனால் தாங்க மாட்டேன். வந்துவிடுங்கள். வந்து, வீட்டில் உட்கார்ந்து என்னோடு சண்டை போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி