வாசலில் நிற்பவருக்குக் காய்ச்சல்

தொலைவில் இருக்கும் வண்டி முதலாளிக்கு, வீட்டில் இருக்கும் டிரைவர் எழுதிக்கொள்வது.

நானும் அத்தையும் சௌக்கியம். வாசலில் நிற்கிறாரே மூன்றாவது ஆள், அவருக்குத்தான் காய்ச்சல். நீங்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின மாதம், "பழைய வண்டிதான், ஆனா யானை பலம்" என்று சொல்லி வாங்கி நிறுத்தினீர்களே, பலம் எப்படியோ, தீனி யானைத் தீனிதான். போட்டு மாளவில்லை.

உங்கள் சைட்டில் சிக்னல் கிடைக்காததும் ஒருவிதத்தில் நல்லதுதான். போனில் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா"விலேயே போய்விடும். கடிதம் என்றால் நான் சொல்வதை நடுவில் யாரும் வெட்ட முடியாது. ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

நாங்கள் தைத்த பள்ளிச் சீருடை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினால் போதும், டெம்பரேச்சர் முள் விறுவிறுவென்று சிவப்புக்குப் போய்விடுகிறது. ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் குறையும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். உச்சி வெயிலில், கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போகிற பைத்தியங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானும் அத்தையும் அப்படித்தான் போகிறோம். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் பரிதாபமாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அத்தை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார்.

முதலில் ஹோஸ் மாற்றினோம். பிறகு தெர்மோஸ்டாட். பிறகு வாட்டர் பம்ப். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தமும் செய்தாயிற்று. ஒர்க் ஷாப்பில் எவ்வளவு நேரம் ஓடவிட்டுப் பார்த்தாலும் முள் சாதுவாக நடுவில் நிற்கிறது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி. வீட்டுக்கு வந்த மறுநாள் பழைய குருடி கதைதான். இது போதாதென்று முன்சக்கரத்தில் 'கடக் கடக்' சத்தம், உள்ளே ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டதாம். இடது கண்ணாடி ஒருநாள் தானாகக் கதவுக்குள் விழுந்து படுத்துக்கொண்டது. நான் இரண்டு மாதம் தைத்த கூலி அப்படியே கிரீஸ் கைகளுக்குப் போய்விட்டது.

அத்தையைச் சொல்ல வேண்டும். பானெட்டைத் திறக்கும் வேலையை நீங்கள் அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனதிலிருந்து என்னைக் கிட்டவே விடுவதில்லை. தினமும் காலையில் ஆயில் பார்ப்பது, தண்ணீர் பார்ப்பது எல்லாம் அவர்தான். வழியில் சூடாகி நின்றாலும் நான் இறங்கக் கூடாது. "கொதி தண்ணி மூஞ்சில அடிக்கும், நீ உள்ளேயே உக்காரு" என்று அதட்டுவார். ஒர்க் ஷாப்புக்குப் போகிற நாளில் மட்டும் விடியற்காலையிலேயே எழுந்து, உள்ளும் புறமும் துடைத்து, கல்யாணத்துக்கு அனுப்புகிற மாதிரி அனுப்புகிறார். "அவன் வரும்போது விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும்" என்பதுதான் எப்போதும் பேச்சு.

இப்போது மெக்கானிக் அண்ணன், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்கிறார். செலவைக் கேட்டதும் எனக்கே முள் சிவப்புக்குப் போய்விட்டது. என்ன செய்யட்டும்? இரண்டு மாதத்தில் நீங்கள் வந்துவிடுவீர்கள், அதுவரை வண்டியை நிறுத்தி வைக்கலாமா? உங்கள் பதிலைப் பார்த்துத்தான் எதுவும் செய்வேன்.

இப்படிக்கு,
வியர்வையில் நனைந்த உங்கள் மனைவி

*

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு ஒரு முழுநாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், அந்த ஓட்டை வண்டியைத் தள்ளிவிடு, நான் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் புது வண்டியோடு வருகிறேன் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்து, நூல் கோக்காமலே மிதித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன வாரம் டெலிவரிக்குப் போகும்போது மேம்பாலத்தின் நடுவில் வண்டி புகைந்து நின்றுவிட்டது. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தேன். இதுவரை நாங்கள்தான் அவரிடம் போவோம், அன்றுதான் அவர் எங்களைத் தேடிப் பைக்கில் வந்தார். பானெட்டைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது யாரும்மா மாட்டுனது?" என்று கேட்டார்.

ரேடியேட்டருக்கு முன்னால் கறுப்பு ரெக்ஸினில் ஓர் உறை. அளவெடுத்து, ஓரம் மடித்து, நாலு மூலைக்கும் ஹூக் வைத்து, கச்சிதமாக மாட்டியிருந்தது. காற்றுப் புக ஊசிமுனை அளவு இடமில்லை. அத்தை அதைத் தைத்தபோது நானும் பார்த்தேன். ஸ்டூலுக்கு உறை என்று நினைத்தேன்.

அத்தை பெருமையாக, "நான்தான் தச்சேன். ரெட்டைத் தையல். பூச்சியும் தூசியும் உள்ள போய் வண்டி பாழாகுது இல்ல?" என்றார். அப்படியானால் ஒர்க் ஷாப்பில் தன் கண்ணில் ஏன் படவில்லை என்று அண்ணன் கேட்டார். "உங்க கை கிரீஸ் கை. அழுக்காயிடுமேன்னு கழட்டி வீட்ல வெச்சுட்டுதான் வருவேன்" என்றார் அத்தை. அந்த மனிதர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார், சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரிக்கிறார். "அம்மா, ஓடுற வண்டிக்கு மூக்கைப் பொத்திட்டீங்களே! எதிர்க்காத்து பட்டாதானே சூடு குறையும்?" என்றார். எனக்கும் அடக்க முடியவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தள்ளின.

உறையை எடுத்துவிட்டு அதே பாலத்தில், அதே மூட்டைகளோடு ஏறி இறங்கினோம். முள் அசையவில்லை. ஹெட் கேஸ்கெட்டுக்கு ஒன்றுமில்லை, இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். நல்லவேளை, இத்தனை தடவை கொதித்தும் தப்பித்தது. வாட்டர் பம்ப் காசைத் திருப்பிக் கேட்கலாமா என்று பார்த்தேன். அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். புஷ் மாற்றியாயிற்று, 'கடக் கடக்' இல்லை. ஆயில் மட்டும் சொட்டுகிறது. வயதானால் அப்படித்தானாம், அடியில் தட்டு வைத்தால் போதுமாம்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அத்தையின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். வழியெல்லாம் சிரித்தேனே என்று மனசு குத்தியது. அத்தை கேட்டார்: "அந்தச் சனியனை நான் தைக்காம இருந்திருந்தா, அவன் இந்நேரம் டிக்கெட் போட்டிருப்பான் இல்ல?"

அப்படியெல்லாம் இல்லை அத்தை, அவருக்கு எப்போதுமே புது வண்டி ஆசை உண்டு என்று சமாளித்தேன். அவர் நம்பவில்லை. "வண்டியை வித்துடு. எனக்கு எந்த வண்டியும் வேணாம், நடந்தே போறேன். பிள்ளை வந்தா போதும்" என்று குழந்தை மாதிரி அழுதுவிட்டார். நீங்கள் விட்டுப்போன மாதிரியே வைத்திருக்க வேண்டும் என்று யார் கையும் படாமல் காத்த மனுஷி, விற்றுவிடு என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், நீங்கள் எதிரில் இருந்திருந்தால் நாலு வார்த்தை வாங்கியிருப்பீர்கள்.

இங்கே பாருங்கள். புது வண்டி யாருக்கு வேண்டும்? நீங்கள் இல்லாத வீட்டு வாசலில் அது பளபளவென்று நின்று என்ன செய்யப் போகிறது? எனக்கு இந்தப் பழைய வண்டி போதும். நீங்கள் ஓட்ட வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்ல வேண்டும். உங்களைப் பார்க்காமல் எனக்கு முடியவில்லை. அத்தையின் கண்ணீரைக் காட்டி என் ஆசையை மறைக்க விரும்பவில்லை, அதனால் இதையும் எழுதிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டிருந்தால் யார் காலைப் பிடித்தாவது மாற்றுங்கள். போடவில்லை என்றால் பேனாவை மூடுங்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்து, வண்டி இப்போது அருமையாக ஓடுகிறது, கவலைப்படாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அந்த வரியை அடிக்கச் சொன்னார். "ஓடுதுன்னு எழுதினா அங்கேயே நிம்மதியா இருந்துடுவான். ஓடலைன்னு எழுது. யாராலயும் சரி பண்ண முடியல, நீதான் வந்து பாக்கணும்னு எழுது" என்றார்.

பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாது. வண்டி ஓடவில்லை. யாராலும் சரிசெய்ய முடியவில்லை. நீங்கள்தான் வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அத்தையின் ஆசீர்வாதத்தோடும் என் முத்தங்களோடும்,
உங்கள் மனைவி