கம்பளிக்குப் பின்னால்

ஒருரோ, 1933

மார்ச் 6, திங்கள்

உதடு வெடித்துவிட்டது. களிம்பு தடவிக்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் மட்டும் மூன்று பட்டாள ரயில். மூன்றுக்கும் ஸ்டேஷனில் நின்று வாசித்தோம். ரயில் நகரும்போது எப்போதும் அந்தக் குதிரைப்படை பொலேரோ மெட்டுதான். சவத்தின் பின்னால் நடக்கிற வேகத்தில் பெரிய டிரம், அதன்மேல் கார்னெட். பதினோரு வருடமாகப் பட்டாள பேண்டில் முதல் கார்னெட் நான்தான்.

அம்மா ஸ்டேஷன் வாசலில் ஆபி என்கிற ஊதாச்சோளக் கஞ்சி விற்கிறாள். இந்த ஊரில் சண்டையால் பிழைப்பது சவப்பெட்டிக்காரனும் கஞ்சிக்காரியும்தான் என்று சொல்லிச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. தம்பி டெல்ஃபினின் வயதுக்காரர்களைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேண்டில் இருப்பவர்கள் சாக்கோ போர்முனைக்குப் போக வேண்டாம், அப்படி உத்தரவு. புதன்கிழமை தேர்வு. இரண்டு இடத்துக்கு நாற்பது பேர். டெல்ஃபினும் பெயர் கொடுத்திருக்கிறான். முடிவெட்டுகிற கடையில் வேலை, ஓய்ந்த நேரத்தில் என் பழைய கார்னெட்டை ஊதுவான்.

"அண்ணே, நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் எங்கயாவது தப்பு விட்டா, அந்த இடத்துல கொஞ்சம் இருமி மறைச்சிடு. போதும்" என்றான்.

மார்ச் 8, புதன்

போன வருடம் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மகனைச் சிபாரிசில் சேர்த்துவிட்டார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து, தேர்வு அறையில் பட்டாளத்துக் கம்பளி ஒன்றைக் கயிற்றில் தொங்க விடுகிறார்கள். ஊதுகிறவன் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்: கேப்டன் உர்கிடி, கிளாரினெட் சவாலா, நான். பெயர் கிடையாது, எண் மட்டும். பேச்சு கிடையாது. இரண்டு பேர் 'சரி' என்று எழுதினால் சேர்ந்தான்.

இருபத்து மூன்றாம் எண். மூச்சை இழுத்ததுமே தெரிந்துவிட்டது. டெல்ஃபினுக்குச் சின்ன வயதில் மூக்கு உடைந்தது, இழுத்தால் லேசாக விசிலடிக்கும். சுருதி சுத்தம். மூன்றாவது அடியில் அரை மாத்திரை பிந்தினான். ஏழாவதில் இன்னொரு தடவை.

இருமியிருக்கலாம்.

கேப்டன் 'சரி' என்று எழுதினார். சவாலா 'இல்லை'. இருவரும் என் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள். தம்பி என்பதால் விட்டான் என்று நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது — இதுதான் மனதில் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை.

நான் 'இல்லை' என்று எழுதினேன்.

பெயர்களைப் பிரித்துப் பார்த்த பிறகு கேப்டன் தோளில் தட்டினார். "நேர்மையான ஆளய்யா நீ." எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 9

அம்மா எனக்குக் கஞ்சி ஊற்றவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

டெல்ஃபின் எனக்கு முடி வெட்டிவிட்டான். "ஆடாம உக்காருண்ணே. காதை வெட்டிடப் போறேன். ஊருக்கே ஒசத்தியான காது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பிறகு கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"நெஜமாவே பிந்திட்டேனா?"

"அரை மாத்திரை."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

"அப்பச் சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. கழுத்தில் ஒட்டியிருந்த முடியை ஊதித் துடைத்துவிட்டான்.

மார்ச் 16, வியாழன்

டெல்ஃபினை ரயில் ஏற்றிவிட்டோம். மூன்றாவது பெட்டி. கை காட்டினான், நான் காட்ட முடியவில்லை, கார்னெட் பிடித்திருந்தேன். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. நீ இப்படி வாசித்து நான் கேட்டதே இல்லை என்றான் சவாலா. அம்மா கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ காசு நீட்டினார்கள், அவள் கவனிக்கவில்லை.

மே 2

கடிதம் வந்தது. அங்கே தண்ணீர் லாரியில் வருகிறதாம், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு குவளை. சவரத்துக்குத் தண்ணீர் இல்லாததால் எல்லாரும் தாடியோடு திரிகிறார்கள், 'என் தொழிலுக்கே கேடு' என்று எழுதியிருக்கிறான். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். இரண்டு மாதமாகவே என்னிடம் பேச்சில்லை.

ஜூலை 24, திங்கள்

முகாம் கதவில் செத்தவர்கள் பட்டியல். டெல்ஃபின் கொண்டார்கோ. வேறு யாராவதாக இருக்கும் என்று ஊர், வயது, தகப்பன் பெயர் எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

ஜூலை 30, ஞாயிறு

மாதா கோயில் முன்னால் மரியாதை அணிவகுப்பு. லீவு கேட்டால் கேப்டன் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அவனுக்கு வாசிக்க வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேனா, இல்லை அம்மா பக்கத்தில் நிற்கப் பயமா?

செத்தவர்களின் பெயரை ஒரு அதிகாரி ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஆஜர்" என்று சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. எத்தனையோ பெயருக்குச் சொல்லியிருக்கிறேன். பதினேழாவதாக டெல்ஃபின் வந்தான்.

"ஆஜர்" என்றார்கள். என் வாய் திறக்கவில்லை.

கூட்டத்திலிருந்து அம்மா குரல் வந்தது. கத்தவில்லை. சந்தையில் விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "இல்ல. அவன் இல்ல. பொய் சொல்லாதீங்க."

அதிகாரி அடுத்த பெயரைப் படித்தார். பிறகு பொலேரோ. வாசித்தேன். உப்புக் கரித்தது, கண்ணீரா வெடித்த உதடா தெரியவில்லை. ஐயோ, என் தம்பிடா. மூக்கு விசிலடிக்க மூச்சு வாங்கினானே, நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே.

ஆகஸ்ட் 16, புதன்

மறுபடியும் தேர்வு. இந்தத் தடவை ஏழு இடம். ஸ்டேஷனுக்கு ஒரு பேண்டு, அடக்கத்துக்கு ஒரு பேண்டு என்று இரண்டாகப் பிரிக்கப் போகிறார்கள், ஒன்றால் முடியவில்லை.

கம்பளியைக் கட்டினார்கள். முதலில் வந்தவன் ஊதினான், எச்சில் மட்டும்தான் வந்தது. கார்னெட்டைக் கையில் தொட்டதே அன்றைக்குத்தான் போல. நான் 'சரி' என்று எழுதினேன். சவாலா என்னை முறைத்தான். கேப்டன் என் சீட்டைப் பார்த்தார், வெகு நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தார், அவரும் 'சரி' என்று எழுதினார்.

மூச்சு நடுங்குகிறவர்களாகப் பார்த்து ஏழு பேரை எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் கேப்டன் என் சீட்டைப் பார்த்தே எழுதினார். அதற்குப் பிறகு பன்னிரண்டாம் எண் அருமையாக ஊதினான். எனக்கே அப்படி வராது. இடமில்லை. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, நடுவில் கம்பளி இருந்தது.

அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

செப்டம்பர் 5

ஏழு பேருக்கும் ஒரே பாடம். கன்னத்தை உப்பு, விரலை அசை, ஊதாதே. இலாரியோன் என்கிற உருளைக்கிழங்கு வியாபாரியின் மகன் கேட்டான்: "தப்பித் தவறிச் சத்தம் வந்துட்டா என்ன செய்யறது சார்ஜென்ட்?"

"உனக்கு வராது. பயப்படாதே."

மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 14, வியாழன்

ரயிலுக்கு வாசித்த பிறகு கேப்டன் கூப்பிட்டார். "என்னய்யா கொண்டார்கோ, இருபத்தெட்டுப் பேர் நிக்கிறாங்க. இருபத்தொரு பேர் சத்தம்தான் வருது."

"குளிர் சார். வால்வு உறைஞ்சுபோகுது."

"ஏழு வாத்தியத்துக்கு மட்டுமா?"

அவர் கையுறையைப் போட்டுக்கொண்டார். "ஒருரோ குளிர் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 27, புதன்

லா பாஸிலிருந்து ஒரு கர்னல். போர்முனையில் ஆள் போதவில்லை, பின்னால் சும்மா இருப்பவர்களைப் பொறுக்க வந்திருக்கிறார். யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். சவாலாவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? டெல்ஃபினுக்கு அவன் எழுதியதைத்தானே நானும் எழுதினேன்.

"ஒவ்வொருத்தனா முன்னாடி வந்து ஊது" என்றார் கர்னல்.

இலாரியோன் ஊதினான். எதுவும் வரவில்லை. அடுத்தவனுக்கு ஒரு கீச்சல். நாலாவது பையன் வாத்தியத்தைத் தரையில் வைத்துவிட்டு அழுதான். நான் முன்னால் போய்ச் சொன்னேன்: "நான்தான் சேர்த்தேன் சார். கேப்டனுக்குத் தெரியாது."

கேப்டன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எட்டுப் பேர்" என்றார் கர்னல். வியாழன் ரயில், வருகிற வாரம்.

அக்டோபர் 4, புதன்

அம்மாவுக்கு ஸ்டேஷனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன், வந்து வாசற்படியில் நின்றாள்.

"அவன் இருமச் சொன்னான்ல?"

அவனே அவளிடம் சொல்லியிருக்கிறான். இவ்வளவு நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"சொன்னான்."

"அவனுக்கு இருமல. ஊரான் புள்ளைங்களுக்கு இருமியிருக்க."

"ஆமாம்மா."

"அவங்களையும் காப்பாத்தல."

"இல்லம்மா."

உள்ளே வந்தாள். பிறகு என் மூட்டையைப் பிரித்து, கம்பளிச் சட்டையை எடுத்து வெளியே வைத்தாள். "அங்க வெயிலு. இது எதுக்கு" என்றாள். அவன் போகும்போது அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, அவனுக்கு இரண்டு கட்டி அனுப்பினோம்.

அக்டோபர் 6, வெள்ளி. உயூனி

ரயில் இங்கே நிற்கிறது, தண்ணீர் பிடிக்கிறார்கள். ஏழு பேரும் என்னோடு ஒரே பெட்டியில். யாரும் என்னைத் திட்டவில்லை. இலாரியோன் அவித்த கிழங்கில் பாதி கொடுத்தான்.

நேற்று எங்களுக்கு வாசித்தார்கள். என் இடத்தில் சவாலாவின் மருமகன் நின்றான். கேப்டன் கை மேலே போனதைப் பார்த்தேன், அதனால் தொடங்கியது தெரிந்தது. கார்னெட் கேட்கவில்லை. கிளாரினெட் கேட்கவில்லை. இன்ஜினும் அழுகையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும்தான் பெட்டி முழுக்க. இடையிடையே பெரிய டிரம் மட்டும் நெஞ்சில் இடித்தது. ஜன்னலில் கழுத்தை நீட்டிப் பார்த்தேன், அப்போதும் இல்லை.

பக்கத்தில் ஒரு கார்ப்பரல். காயம் ஆறி இரண்டாம் தடவையாகப் போகிறவன். அவனிடம் கேட்டேன்: "போன தடவை உனக்குக் கேட்டுச்சா?"

"என்னது சார்ஜென்ட்?"

"பேண்டு."

"உள்ள எங்க கேக்குது? வாசிக்கிறாங்கன்னு தெரியும். எல்லாரும் நிமிர்ந்து நிப்பாங்கல்ல, அது தெரியும். அதுவே ஒரு மாதிரி தெம்பாத்தான் இருக்கும்."

பதினோரு வருடம். ஒரு ஸ்வரம் பிசகாமல்.

டெல்ஃபின் அந்தப் பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் நின்று எத்தனை தடவை பிந்தியிருந்தாலும், என்னைத் தவிர ஒருவருக்கும் கேட்டிருக்காது.