கோபன்ஹேகனில் நீ ஓட்டிய சைக்கிள்

அப்பா,

இன்று காலை அரியலூரில் ஒரு சைக்கிள் கடையில் நின்றிருந்தேன். உன் பேத்தியின் வண்டி பஞ்சர். கடைக்காரர் டியூபைத் தேய்த்து சொல்யூஷன் தடவியதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. அது உன் சட்டைப்பை வாசனை. கொத்து வேலைக்காக நம் ஊரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்கு மிதித்த காலமெல்லாம் அந்த சொல்யூஷன் ட்யூப் உன் பையில்தான் இருக்கும், எந்தக் கடைக்காரரையும் நீ நம்பியதில்லை.

நான் வேலை பார்த்த கோபன்ஹேகனுக்கு நீ வந்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. பஸ்ஸில் ஊரைக் காட்டலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். நீ ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு, "ஊரே சைக்கிள்ல போவுது. நமக்கு மட்டும் என்னாத்துக்கு பஸ்ஸு?" என்றாய். வாடகைக்கு இரண்டு வண்டி எடுத்தோம். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கும். சைக்கிளுக்கென்று தனிப் பாதை, தனி சிக்னல். வலப்பக்கமாகவே போக வேண்டும், நிற்பதற்கு முன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே காலையில் பிடித்துக்கொண்டாய். ரயிலில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்து, "நம்ம பஸ்ஸுல மனுசனுக்கே இவ்ளோ எடம் இல்ல" என்று சிரித்தாய்.

ஒன்று மட்டும் உனக்குப் படியவில்லை. நல்ல கோட்டுப் போட்ட பெரியவர் யாராவது வாசலில் நின்றால் பொசுக்கென்று இறங்கிவிடுவாய். கழுத்து மப்ளரைக் கை தானாக உருவும். அவரைக் கடக்கும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாய். ஒருமுறை பின்னால் வந்த பெண் மயிரிழையில் இடிக்காமல் விலகி, திட்டிவிட்டுப் போனாள். நம் ஊர் மேலத்தெருவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? நம் ஆட்கள் அங்கே சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது, தோளில் துண்டு கிடக்கக் கூடாது என்று இருந்ததே. அந்த வழக்கம் ஒழிந்து இப்போது நம் பையன்கள் பைக்கில் பறக்கிறார்கள். நீ மட்டும் கோபன்ஹேகன் வரும்வரை ஊரில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனாய்.

"இங்க எதுக்குப்பா எறங்குற?" என்றேன்.

"எறங்கணும்னு நெனைக்கல பாப்பா. காலு எறங்கிடுது."

எனக்குக் கோபம் வந்தது, உன் மேல் இல்லை. ஒரு தடவையாவது நீ இறங்காமல் போவதைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அதற்காகவே மறுநாள் உன்னை அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். நான்கு மாளிகைகள், நடுவே கல் பாவிய திறந்தவெளி, அதன் மத்தியில் குதிரை மேல் ஒரு பழைய ராஜாவின் சிலை. உயரத் தொப்பி வைத்த காவலர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள்.

"யாரு வூடு இது?"

"ராஜா வூடுப்பா."

"உள்ள இருக்காரா?"

"கொடி பறக்குதுல்ல, இருக்காரு."

நீ இறங்கிவிட்டாய். மப்ளர் கைக்கு வந்துவிட்டது. அப்போது ஒரு பெண், வண்டியின் முன்பெட்டியில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு, எங்களைத் தாண்டி அந்த வாசல் வழியாகவே மிதித்துப் போனாள். காவலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

நீ மப்ளரைக் கழுத்தில் சுற்றி, முனையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாய். கரடுமுரடான கல்லில் வண்டி குலுங்கக் குலுங்கக் காவலர் முன்னாலேயே போனாய். அந்தக் குதிரை ராஜாவைச் சுற்றி வந்தாய். நிற்பாய் என்று நினைத்தேன், நீ மறுபடியும் சுற்றினாய். என் கண் நிறைந்துவிட்டது, கர்வத்தில்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை டீக்கடைக்கு மேலத்தெரு வழியாகப் போனாய். பெரிய வீட்டுக்காரர் வாசலிலிருந்து, "எப்ப வந்த?" என்றாராம். ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, சீட்டில் இருந்தபடியே, "நேத்துதாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். தெருவே அதைப் பேசியது. வீட்டுக்கு வந்த நீயோ, "டீயில சக்கரையே இல்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டாய்.

அவ்வளவு தூரம் போனாயே, அங்கே என்ன பார்த்தாய் என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். ராஜா வீட்டு வாசலில் என் அப்பா சைக்கிளில் உட்கார்ந்து போனதைப் பார்த்தேன் என்று சொல்கிறேன்.