வளையம் போட்ட வாலாட்டி

ஐப்பசி, செவ்வாய்.

ஓடையோரம் பலாப்பிசின் தடவி வைத்த குச்சியில் இன்று ஒரு வாலாட்டிக் குருவி ஒட்டிக்கொண்டது. காலில் வளையம். ஜப்பான்காரன் வருவதற்கு முன் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைதான் குருவிகளைப் பிடித்து வளையம் மாட்டுவார். நான் உள்ளங்கையில் வைத்துப் பறக்கவிடுவேன். அடுத்த வருஷமும் இதே ஓடைக்கு வரும் என்பார். வந்திருக்கிறது.

“என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? தங்கச்சி காய்ச்சல்ல கெடக்குறா. வளையத்தக் கழட்டி வீசு. இங்கிலீஷ் எழுத்தப் பாத்தா வேவு பாக்குறோம்னு ஜப்பான்காரன் அப்பாவப் பிடிச்சிட்டுப் போயிருவான்லா” என்றாள் அம்மா.

குருவியின் கழுத்தை நானே திருகினேன். தங்கை குருவிச் சாற்றை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

“நாளைக்கும் பிடிப்பியாக்கா?”

பிடிப்பேன் என்றேன்.

வளையத்தை வீச முடியவில்லை. பாவாடை முடிச்சில் இருக்கிறது. பயமாக இருக்கிறது. நாளைக்குக் குருவியின் காலைப் பார்க்கக் கூடாது.